குடத்துக்குப் பாட்டு உண்டு, லோட்டாவுக்கு இல்லை

அகமதாபாத்தின் மணிநகரில் தமிழர்கள் சில தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். திருமணமாகி அங்கே குடிபுகுந்த பிறகுதான் நான் குஜராத்தி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகினேன். எங்கள் மாடி வீட்டில் பனாஸ்காண்டா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மகனுடன் வந்து தங்கியிருந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். குடியிருப்பில் எல்லோரும் அவரைப் 'பா' என்றே அழைப்போம். அவர் என்னைத் 'தீக்ரி' என்பார், மகளே என்று பொருள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு உச்சரிப்பு வராது. ஆகவே பிற்பகல்களில் நான் கதைகளை உரக்கப் படிப்பதும் அவர் என் நாக்கைத் திருத்துவதும் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போல ஆகிவிட்டது.

ஒரு நாள் பழைய மாத இதழ் ஒன்றில் வந்த கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். கிராமத்து மருமகள் ஒருத்தி, விடிவதற்கு முன் மாமியார் வீட்டு வாசலைத் தாண்டி, ஊர் எல்லையில் காத்திருக்கும் பழைய காதலனைப் பார்க்கப் போகிறாள். நிலவு, பனி, எங்கோ குரைக்கும் நாய் என்று வர்ணனை நன்றாகவே நீண்டது. பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"தீக்ரி, அவள் லோட்டா எடுத்துக்கொண்டாளா?"

கதையில் லோட்டா இல்லை என்றேன். "லோட்டா இல்லாமல் அந்த நேரத்தில் ஒரு வஹு எப்படி வாசலைத் தாண்டுவாள்? எழுதினவர் ஆண்பிள்ளைதானே?" என்று கேட்டுவிட்டு அவர் வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். வஹு என்றால் மருமகள். எழுதியவர் ஆண்தான்.

அன்றிலிருந்து நான் குஜராத்திச் சிறுகதைகளில் அந்த லோட்டாவை, வெளிக்குப் போகும் பெண் கையில் எடுத்துச் செல்லும் தண்ணீர்ச் செம்பை, தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கழிப்பறை இல்லாத கிராமத்துப் பெண்ணின் அன்றாடம், ஒரு நூற்றாண்டுக் காலச் சிறுகதைகளில் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதே என் கேள்வி. என் வாசிப்பு முழுமையானது அன்று. ஆனாலும் தேடியதில் ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. அந்தப் பெண் நடக்கும் பாதை கதைகளில் நிறையவே இருக்கிறது. அவள் எதற்காக அந்தப் பாதையில் நடக்கிறாள் என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டிருக்கிறது.

மொழியில் அது விடுபடவில்லை என்பதுதான் வேடிக்கை. பேச்சுக் குஜராத்தியில் இதற்கு 'லோட்டே ஜவும்' என்கிறார்கள், லோட்டாவுக்குப் போவது. 'களஷியே ஜவும்' என்றும் சொல்வதுண்டு, அது செம்புக்குப் போவது. நாம் வெளிக்குப் போவது, கொல்லைக்குப் போவது, ஒதுங்குவது என்று இடத்தைச் சொல்லிச் செயலை மறைக்கிறோம். அவர்கள் பாத்திரத்தைச் சொல்லி மறைக்கிறார்கள். கழிப்பறைக்கு வழங்கும் 'ஜாஜ்ரூ' என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. தேவையான இடம் என்பது அதன் மூலப்பொருள். இத்தனை இயல்பாக நாவில் புழங்கும் சொற்கள், கதை எழுத உட்கார்ந்ததும் மைக்கூட்டிலேயே தங்கிவிடுகின்றன.

இதற்கு நேர்மாறானது குடத்தின் கதை. தலையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சுமக்கும் இரட்டைக் குடத்தை அங்கே 'பேடும்' என்பார்கள், சும்மாட்டை 'ஈண்டோணி' என்பார்கள். தண்ணீருக்குப் போகும் பெண்ணான பணிஹாரி இல்லாமல் குஜராத்தி நாட்டுப்பாடல் இல்லை. பாட்டில் அவளுடைய சும்மாடு பொன்னாகவும் குடம் வெள்ளியாகவும் மாறிவிடும். இடைக்காலத்தில் புராணக் கதைகளைப் பாடிச் சொன்ன மாண்பட்டர்கள் தாளம் தட்டியதும் மோதிரம் அணிந்த விரல்களால் ஒரு செப்புப் பானையின்மேல்தான். தண்ணீர் எடுக்க இறங்கும் படிகளைக்கூடச் சிற்பமாக்கிய நாடு அது. அடாலஜ் கிணற்றையும் பாட்டணில் உள்ள ராணியின் படிக்கிணற்றையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே பெண், அதே ஊர் எல்லை. குடத்தோடு போனால் பாட்டு, லோட்டாவோடு போனால் மௌனம்.

குஜராத்தியின் முதல் நவீனச் சிறுகதை என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1918இல் மலயானில் என்னும் எழுத்தாளர் எழுதிய 'கோவாலணி'. பால் விற்கும் கிராமத்துப் பெண்ணின்மேல் மயங்கிப் பின்னால் போகும் மணமான ஆணை, அவள் ஊருக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, போய் அவனுடைய மனைவியையே அழைத்து வந்து முன்னால் நிறுத்துகிறாள். எனக்கு மிகவும் பிடித்த கதை அது. ஆயினும் கவனித்துப் பாருங்கள்: ஊர்ப்புறம் என்பது ஆணின் கண்ணுக்குப் பெண் தென்படும் இடம் என்ற இலக்கணத்தை முதல் கதையே எழுதிவிட்டது. பின்னர் வந்த எத்தனையோ கதைகளில் 'பாதர்' என்னும் ஊர்வாசலும் 'ஸீம்' என்னும் வயல்வெளியும் சந்திப்புக்கும் பிரிவுக்கும் கடத்தலுக்கும் களமாகின்றன. பெண்கள் பொழுது புலர்வதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அங்கே ஏன் இருக்கிறார்கள் என்று கேட்பவர் அரிது.

அக்காலக் குஜராத்தி உரைநடைக்கு இந்தப் பேச்சே கூச்சமாக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. காந்தி தம் சுயசரிதையைக் குஜராத்தியில்தான் எழுதினார். 1925 முதல் 'நவஜீவன்' இதழில் அது தொடராக வந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது ராஜ்கோட்டில் கழிப்பறைகளைச் சோதிக்கும் குழுவில் தாம் பணியாற்றியதை அதில் விரிவாக எழுதுகிறார். பெரிய வீட்டுக்காரர்கள் உள்ளே விட மறுத்தார்கள், ஏழைகள் மறுக்கவில்லை. தீண்டப்படாதவர்களின் குடியிருப்புக்குள் வரக் குழுவில் ஒரே ஒருவர்தான் துணிந்தார். அங்கே போய்க் கழிப்பறையைக் காட்டுங்கள் என்றதும், எங்களுக்கேது கழிப்பறை, நாங்கள் வெளியில் போகிறவர்கள், அதெல்லாம் உங்களைப் போன்ற பெரியவர்களுக்கு என்று அம்மக்கள் வியந்தார்களாம். அவர்களுடைய வீடுகள் துப்புரவாக இருந்ததையும் காந்தி பதிவு செய்கிறார். ஒரு சிறுகதைக்கு வேண்டிய உரையாடல், நகை, குத்தல் எல்லாம் அந்தச் சில வரிகளில் உள்ளன. எனினும் காந்தியின் செல்வாக்கில் கிராமத்தைத் தேடிப்போன கதைக்காரர்கள் அவரிடமிருந்து ராட்டையை எடுத்துக்கொண்டார்கள், தீண்டாமை ஒழிப்பை எடுத்துக்கொண்டார்கள், துடைப்பத்தை மட்டும் அவரிடமே விட்டுவிட்டார்கள்.

பன்னாலால் படேலை நினைத்துப் பார்க்கிறேன். குஜராத்தின் வடகிழக்கு எல்லைக் கிராமங்களை அவற்றின் பேச்சுமொழியோடு இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர், 1985ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றவர். உடலைக் கண்டு அஞ்சும் எழுத்தாளர் அல்லர். 1899-1900 பஞ்சத்தைப் பற்றிய அவருடைய 'மானவீனீ பவாயீ' நாவலின் இறுதியில், பசியில் உயிர் பிரியும் நிலையில் கிடக்கும் காளுவுக்கு ராஜு தன் மார்பைக் கொடுக்கிறாள். உடலின் பசியை அவ்வளவு தூரம் கொண்டு சென்ற எழுத்துக்கு, அதே உடலின் மற்றோர் உபாதை கண்ணில் படவில்லை. கட்ச் பாலையை ஜயந்த் கத்ரியைப் போல எழுதியவர் இல்லை. 'தாட்' கதையில் அந்த வறண்ட மண் தன்னளவில் ஒரு பாத்திரமாகவே நிற்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குள் பாவின் குரல் கேட்கிறது: இடுப்புயரப் புதர்கூட இல்லாத இந்த மண்ணில் கதையில் வரும் பெண் மோங்கீ காலையில் எங்கே போவாள்?

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சரோதர் வட்டாரத்து எழுத்தாளர் ஈஸ்வர் பேட்லீகரின் 'லோஹீனீ ஸகாயீ' குஜராத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் பெரும்பாலும் அறிந்த கதை. பிறவியிலேயே மனவளர்ச்சி இல்லாத, பேச்சற்ற மகள் மங்குவை அம்ரத்காக்கி வளர்க்கிறாள். மருத்துவமனையில் விட ஊரார் சொல்லும்போதெல்லாம் மறுக்கிறாள். கடைசியில் விட்டுவிட்டு வந்து, அந்தப் பிரிவைத் தாங்காமல் தானே மனம் பேதலித்துப் போகிறாள். மலசல உணர்வற்ற ஒரு பெண்ணைத் துடைத்துக் கழுவி வளர்ப்பதே தாய்மையாக நிற்கும் கதை அது. அங்கே உடல் மறைக்கப்படவில்லை, ஏனென்றால் அங்கே மங்கு பெண்ணாகப் பார்க்கப்படவில்லை, குழந்தையாகப் பார்க்கப்படுகிறாள். பித்துப் பிடித்தவளுக்குக் கிடைத்த இந்தச் சலுகை தெளிந்த மருமகளுக்குக் கிடைப்பதில்லை.

1950களின் இறுதியில் சுரேஷ் ஜோஷியின் வழியாக வந்த நவீனத்துவத்தை வேகமாகவே கடந்துவிடலாம். கதையிலிருந்து நிகழ்ச்சியையே கரைத்துவிட முயன்ற அந்த எழுத்து நகரத்து அறைகளில் நடந்தது. அதன் அழகு வேறு, நம் தேடல் வேறு. குந்தனிகா காபடியா முதலான பெண் எழுத்தாளர்கள் குடும்பத்துக்குள் பெண்ணின் மூச்சு முட்டுவதை உறுதியாகவே எழுதினார்கள் என்றாலும் அவர்களுடைய நாயகிகள் பெரும்பாலும் படித்த, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள வீட்டுப் பெண்கள். 1996இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஹிமான்ஷி ஷேலத்தின் கதைகள் இருண்ட சந்துகளுக்குள் துணிந்து நுழைகின்றன. அவை நகரத்துச் சந்துகள்.

திசை மாறியது தலித் எழுத்தில். 1981இலும் 1985இலும் குஜராத்தில் நடந்த இடஒதுக்கீட்டு எதிர்ப்புக் கலவரங்களின் சூட்டில் வலுப்பெற்ற அந்த எழுத்தில், வயல்வெளி முதல்முறையாக இயற்கைக் காட்சியாக இல்லாமல் சொத்தாகத் தெரிகிறது. ஸீமுக்கு ஓர் உடைமையாளர் இருக்கிறார். நிலமில்லாத வீட்டுப் பெண் புல் அறுக்கப் போனாலும் சுள்ளி பொறுக்கப் போனாலும் லோட்டாவோடு போனாலும் அடுத்தவனின் வரப்பில்தான் கால் வைக்க வேண்டும். அந்தக் கால் வைப்புக்கு அவன் விலை கேட்கலாம். ஜோசப் மெக்வானின் 'ஆங்களியாத்' நாவலில் மேல்சாதி இளைஞர்கள் மேத்தியைச் சீண்டும்போது நெசவாளி தீஹோ குறுக்கே நிற்பதிலிருந்துதான் அத்தனை துயரமும் தொடங்குகிறது. மோகன் பர்மார், தல்பத் சௌஹான், ஹரீஷ் மங்களம் ஆகியோரின் சிறுகதைகளைப் படிக்கும்போது, ஊருக்குள் எந்தத் தெரு எந்தத் திசையில் இருக்கிறது, எந்த வழியாக யார் போகலாம் என்ற வரைபடம் நம் மனத்தில் தானாக உருவாகிவிடுகிறது. ஹரீஷ் மங்களத்தின் மருத்துவச்சிக் கதையில், மேல்சாதி வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்துக் குழந்தையை முதலில் கையில் ஏந்திய தலித் கிழவி, பின்பு அதே வீட்டாருக்குத் தீட்டாகிறாள். உடலின் ஈரத்தையும் இரத்தத்தையும் தொட ஒரு கை வேண்டும், வேலை முடிந்ததும் அந்தக் கை தள்ளி நிற்க வேண்டும் என்பதை இவ்வளவு சிக்கனமாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். குஜராத்தின் பல ஊர்களில் பெண்களுக்கென்றே சுற்றுச்சுவர் மட்டும் எழுப்பிய, கூரையற்ற 'வாடா' என்னும் ஒதுக்கிடங்கள் இருந்தன. தண்ணீரும் குழியும் இல்லாத அவ்விடங்களை வால்மீகி சமூகத்துப் பெண்கள் தகரத்தாலும் துடைப்பத்தாலும் வாரிக் கூடையில் சுமந்து சென்றார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல் வந்தது, 2013இல் மீண்டும் விரிவாக வந்தது. அதற்கிடையிலும் அந்தக் கூடைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. ஒரு பெண்ணின் மறைவு இன்னொரு பெண்ணின் தலைச்சுமை. கூடைக்கும் அடியில் சும்மாடு உண்டு, அதற்கும் பெயர் ஈண்டோணிதான். எந்தப் பாட்டும் அதைப் பொன்னாக்கவில்லை. ஆகவே கிராமத்துப் பெண்களின் அவதி என்று பொதுவாகச் சொல்லும் கதை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டாலும், எனக்கு அரைக்கதையாகவே தோன்றுகிறது. எந்தப் பெண், எந்தத் தெரு என்று கேட்டால்தான் அது முழுமையாகும்.

பாவிடம் நான் இதைப் பற்றித் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேசியதில் புலம்பல் குறைவு, நுணுக்கம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத இருட்டில் ஏழெட்டு வஹுக்கள் ஒன்றாகக் கிளம்புவார்கள். காலில் கனத்த வெள்ளிக் காப்பு ஒலிக்காமல் இருக்கச் சேலை முனையைச் சுற்றிக்கொள்வார்கள். நம் ஊர்களில் சீமைக் கருவேலம் என்று சபிக்கும் மரத்தை அங்கே 'காண்டோ பாவள்' என்கிறார்கள், பைத்தியக்காரக் கருவேலம். அந்தப் பைத்தியம்தான் பெண்களுக்குக் கதவும் சுவரும். முள் குத்தும், ஆனால் ஆள் தெரியாது. கரிமூட்டம் போடுகிறவர்கள் ஒரு புதரை வெட்டிவிட்டால் மறுநாள் விடியலில் அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் கழிப்பறை இடிந்துபோனது போல இருக்குமாம். பகலில் வயிறு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "முந்தின இரவே சாப்பிடாமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். மோர் குடிப்பதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும்கூடக் கணக்கு இருந்தது.

அதே மூச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். மாமனார் முன்னிலையில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடுவதை 'லாஜ்' என்பார்கள். மானம் என்பதற்கும் வெட்கம் என்பதற்கும் அதே சொல்தான். நாள் முழுவதும் லாஜுக்குள் இருந்த முகங்கள் திறந்து சிரித்தது அந்த விடியல் நடையில் மட்டும்தான். பிறந்த வீட்டுச் செய்தி, கணவன் கை நீட்டுவது, தள்ளிப்போன நாள் எல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. அவதியும் தோழமையும் ஒரே நடையில் கலந்திருந்தன என்பதை எழுதும் கதை ஒன்று குஜராத்தியில் என் கையில் இன்னும் அகப்படவில்லை. அந்தக் கதைக்காகவே நான் இன்னும் பழைய இதழ்களைப் புரட்டுகிறேன்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குஜராத்தின் கிராமப்புற வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் மட்டுமே கழிப்பறை இருந்தது. 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் ஒரு வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை அளித்தது; 2017 அக்டோபரில் கிராமப்புறக் குஜராத் திறந்தவெளியில் மலம் கழித்தல் அற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கை, தாங்கள் சோதித்த 8 மாவட்டங்களின் 120 ஊராட்சிகளில் 29 விழுக்காடு வீடுகளுக்குக் கழிப்பறை வசதி இல்லை என்றும், கட்டியவற்றிலும் சில தண்ணீர் இணைப்பு இல்லாமல் பயன்படவில்லை என்றும் கூறியது. மாற்றம் நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏராளமான வீடுகளில் கதவு வந்திருக்கிறது, அது சிறிய விஷயம் அன்று. ஆனால் கதவு வந்த பிறகும் கதை முடியவில்லை. வீட்டுக் கழிப்பறைக்கு ஊற்றும் தண்ணீரையும் அதே பேடுவில் அதே தலைதான் சுமக்கிறது. எருமுட்டையும் விறகும் அடுக்கிய கழிப்பறைகளை நானே பார்த்திருக்கிறேன்.

பாவின் கிராமத்து வீட்டிலும் ஒன்று கட்டினார்கள். ஆண்கள் நாள் முழுவதும் உட்கார்ந்து பீடி குடிக்கும் ஓட்லோ, அதாவது திண்ணை. அதற்கு நேர் எதிரே கதவு. கட்டிடத்துக்கு இடம் குறித்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மைத்துனர்களின் கண் முன்னால், கையில் லோட்டாவுடன் அந்தக் கதவை எப்படித் திறப்பது? பா கடைசிவரை காண்டோ பாவளுக்கே போனார். விருந்தாளிகள் வந்தால் கழிப்பறையைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். இந்தத் தலைமுறைக் குஜராத்தி எழுத்தாளர்களுக்கு அந்த ஓட்லோவுக்கும் கதவுக்கும் இடையே உள்ள பத்தடி தூரம் போதும், ஒரு தொகுப்பே எழுதிவிடலாம்.

சென்ற ஆண்டு பா ஊருக்குத் திரும்புவதற்கு முன், அந்தப் பழைய காதல் கதையை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். மருமகள் வாசலைத் தாண்டும் இடம் வந்ததும் என்னை நிறுத்தி, இங்கே லோட்டாவைச் சேர்த்துக்கொள் என்றார். சேர்த்துக்கொண்டேன், பா, பிறகு என்றேன்.

"பிறகென்ன? திரும்பி வரும்போது லோட்டா காலியாக இருக்க வேண்டும். வாசலிலேயே மாமியார் நிற்பாள், முதலில் லோட்டாவைத்தான் பார்ப்பாள். அதனால் அவனோடு பேசி முடித்துவிட்டு இந்தப் பெண் தண்ணீரைப் பாவள் மரத்தடியில் கொட்டிவிட்டு வர வேண்டும்."

நான் சிரித்தேன். பா சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணீர் அவளே முந்தின நாள் இரண்டு கோஸ் நடந்து தலையில் சுமந்து வந்தது, தீக்ரி. அதை மண்ணில் கொட்டும்போது அவள் கை நடுங்கும். அவன் கையைப் பிடித்தபோது நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கும். அதை எழுதச் சொல்."